காலிக் கூடத்தில் முப்பத்தொரு பேர்

ஞாயிற்றுக்கிழமை மாலை அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில் ஈ காக்கை இல்லை. கடைசிப் பார்வையாளரும் போய்விட்டார். ஆனால் வாசலை ஒட்டிச் சுவரில் பதித்திருந்த சிறிய திரை, உள்ளே முப்பத்தொரு பேர் இருப்பதாகச் சொன்னது.

தனசேகரன் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தான். சலவைத் தொழிலாளர்கள் துணி அடித்த கல்லுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். கிளி ஜோசியரின் கூண்டு இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது அவனுக்கே வெட்கமாகிவிட்டது. கிளியே இல்லாத கூண்டில் ஆள் எங்கே இருக்கப் போகிறது.

"ஆள் இருக்கா?" என்று வாசலிலிருந்து கேட்டார் இருதயராஜ். அந்தக் கூடத்தின் காவலர். இந்தத் தீவிலேயே, பிடோக்கில் பிறந்து, பிடோக்கிலேயே பேரன் எடுத்தவர்.

"இல்ல அங்கிள்."

"முப்பத்தொரு பேரு இங்கயே தங்குறாங்கன்னா முன்கூட்டியே சொல்லு லா. தேக்கா சந்தையில பரோட்டா சொல்லி வைக்கணும்ல."

தனசேகரன் சிரிக்கவில்லை. அந்தத் திரையையும் அதற்குப் பின்னால் இருந்த கருவிகளையும் மாட்டியது அவன்தான். கருவி எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்டாலும், கேட்டவர் கடிகாரத்தைப் பார்க்கும் வரை விளக்குவான். இப்போது அவனுக்கே யாராவது விளக்கினால் தேவலை போலிருந்தது.

விஷயம் எளிமையானதுதான். நுழைவாயிலுக்கு மேலே கூரையில், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதற்கு நம்மைப் போலவே இரண்டு கண்கள். ஒரே பொருளை இரண்டு கண்ணும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்ப்பதால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவியால் கணக்குப் போட முடியும். கீழே நடப்பவரின் முகம் அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிவதெல்லாம் தலை உச்சி மட்டும். ஒவ்வொரு தலையும் ஒரு புள்ளி. தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. தனசேகரன் தன் மடிக்கணினித் திரையில் விரலால் இழுத்துப் போட்ட கோடு. புள்ளி அந்தக் கோட்டை வெளியிலிருந்து உள்ளே தாண்டினால் ஒருவர் வந்தார் என்று கணக்கு. கூடத்தின் மறுகோடியில் வெளியேறும் வாசலிலும் இதே ஏற்பாடு. அங்கே தாண்டினால் ஒருவர் போனார். வந்ததிலிருந்து போனதைக் கழித்தால், உள்ளே இருப்பவர்கள். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள எதையும் கருவி கண்டுகொள்ளாது. இல்லாவிட்டால் துப்புரவு வாளியும் இழுத்துச் செல்லும் பெட்டியும்கூடப் பார்வையாளர் ஆகிவிடும்.

வார நாட்களில் இது ஒழுங்காகத்தான் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள், போவார்கள், திரை பூஜ்யத்துக்குத் திரும்பும். எப்போதாவது ஒன்றிரண்டு மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மனிதர்கள் உள்ளே போனார்கள், வெளியே வரவில்லை.

வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கை ஒரு விளக்கோடு இணைக்கப்பட்டிருந்தது. கூடம் பழைய கட்டடத்தில் இருப்பதால், தீயணைப்பு விதிப்படி ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. திரை நாற்பதைத் தொட்டால் வாசலில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் காவலர் யாரையும் விடக் கூடாது. மதியத்துக்குள் இருபது இல்லாத மனிதர்கள் சேர்ந்துவிட்டால், அதன்பிறகு உண்மையான மனிதர்களுக்குப் பாதி இடம்தான். மூன்று மணிக்கு மேல் உள்ளே பத்துப் பேர் இருக்கும்போதே வாசல் சிவந்துவிடும்.

அன்று மதியமும் அப்படித்தான் ஆயிற்று. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நான்கு பேர் தீவின் மேற்குக் கோடியான துவாஸிலிருந்து பஸ், ரயில் மாறி வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் பெயர் மருதப்பன். அரியலூர்ப் பக்கம்.

"ஏன் சார், உள்ள ஏழெட்டுப் பேருதான தெரியுறாங்க" என்று அவர் இருதயராஜிடம் கேட்டார்.

"எனக்கும் அதான் தெரியுது தம்பி. ஆனா ரெட்டுன்னா ரெட்டு."

"போன ஞாயிறும் இதையேதான் சொன்னீங்க."

"போன ஞாயிறும் ரெட்டு லா. நான் என்ன பண்றது?"

அவர்கள் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். "அடுத்த ஞாயிறு பாத்துக்குவோம், அதோட நமக்கு டிக்கெட் போட்டாச்சு" என்று மருதப்பன் மற்றவர்களிடம் சொன்னது தனசேகரன் காதில் விழுந்தது. அவர் ஊருக்கே திரும்பிப் போகிறார். எட்டு வருடம் இந்தத் தெரு வழியாகத் தேக்காவுக்குப் போனவர், ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவரைத் தடுத்தது தனசேகரன் போட்ட கோடு.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இலவச அனுமதி என்பது கூடத்தின் பொறுப்பாளர் ஷபானா போராடி வாங்கியது. தேக்கா என்ற இந்தியர் வட்டாரத்தின் கதையைச் சொல்லும் கூடத்துக்கு, தேக்காவுக்கு வருகிற கூட்டம் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று அவள் எல்லாக் கூட்டத்திலும் கேட்டாள். நிர்வாகம் அரைமனதாக ஒப்புக்கொண்டது. இப்போது, காலிக் கூடத்துக்கு வெளியே வரிசை நிற்கும் படம் ஒன்று யாரோ எடுத்துப் போட்டு நாலு பேர் பகிர்ந்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாம் கூடம் மூடியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு வாரம் டைம் இருக்கு சேகர்" என்றாள் ஷபானா. "உங்க மெஷினுக்கு என்ன பிரச்சன, கண்டுபிடிங்க. என்னைக்குமே இல்லாத ஆளுங்களுக்காக இருக்கிற ஆளுங்கள வெளிய நிறுத்த முடியாது."

அந்த வாரம் முழுக்க தனசேகரன் தெம்பனிஸில் வாடகை அறையில் படுத்தும், அலுவலகம் போகும் ரயிலில் நின்றும் இதையே நினைத்தான். சுவா சூ காங்கில் ஒரு கடைத்தொகுதியிலும் இதே கருவியை மாட்டியிருந்தான். அங்கே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் போய் வந்தார்கள். இரவில் ஒருவரும் மிஞ்சவில்லை.

முதலில் சந்தேகப்பட்டது வெளியேறும் வாசலை. போகிறவர்களை அது எண்ணத் தவறினால் உள்ளே ஆள் மிஞ்சும். ஆனால் சென்ற ஞாயிறு இருதயராஜ், கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடும் சிறிய எண்ணும் கருவியோடு அங்கே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அவர் கணக்கும் கூரைக் கருவியின் கணக்கும் ஒன்றே. அதே கையோடு நுழைவாயிலிலும் நின்றார். அங்கேதான் கூரைக் கருவி அவரைவிட அதிகம் எண்ணியிருந்தது. ஆக, ஆட்கள் வெளியே போகாமல் இல்லை. உள்ளே வரும்போதே சிலரை இரண்டாக எண்ணுகிறது.

யாரை? ஏன்? அங்கேதான் தனசேகரனின் மூளை முட்டிக்கொண்டது.

கூட்ட நெரிசலா என்று பார்த்தான். இரண்டு பேர் தோளோடு தோள் உரசிப் போனால் கருவி குழம்பலாம். ஆனால் அப்படிக் குழம்பினால் இரண்டு தலையை ஒன்றாக எண்ணும். கணக்கு குறைய வேண்டும். இங்கே கூடுகிறது. வெயிலா என்று பார்த்தான். ஞாயிறு வெயிலும் திங்கள் வெயிலும் ஒரே சன்னல் வழியாகத்தான் வருகின்றன. தொப்பியா? சாமான் பையா? தோளில் குழந்தையா? பட்டறைத் தொழிலாளர்கள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

கருவியின் பதிவைத் திறந்து பார்த்தால் இன்னும் குழப்பம். சில புள்ளிகள் வாசல் வரை ஒழுங்காக வந்து, அங்கேயே அணைந்துபோயிருந்தன. அவை அணைந்த இடத்திலேயே புதிதாக ஒரு புள்ளி முளைத்து உள்ளே போயிருந்தது. வாசலில் ஆள் காணாமல் போகிறார், அதே இடத்தில் வேறொருவர் பூமியிலிருந்து எழும்புகிறார்.

சனிக்கிழமை, பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு, மூவரும் சோதனைக்குக் கூடினார்கள். பத்து முறை வாசலைத் தாண்டி உள்ளே போவது, பக்கத்துத் தாழ்வாரம் வழியாகச் சுற்றி வந்து மறுபடியும் போவது. கருவி பத்து காட்டினால் சரி.

முதலில் தனசேகரன் நடந்தான். பத்து முறை. திரை பதினொன்று காட்டியது.

"நீங்க தப்பா எண்ணிட்டீங்க" என்றாள் ஷபானா.

"இல்ல, பத்துதான்."

"பத்துதான் லா. நானும் எண்ணுனேன்" என்றார் இருதயராஜ்.

ஷபானா நடந்தாள். பத்து. திரையும் பத்து.

இருதயராஜ் நடந்தார், முட்டிவலியைத் திட்டிக்கொண்டே. பத்து. திரையும் பத்து.

தனசேகரன் மறுபடியும் நடந்தான். இந்த முறை பத்துக்குப் பத்து.

"பாத்தீங்களா? மொத தடவ தப்பா எண்ணியிருக்கீங்க" என்றாள் ஷபானா.

அப்படித்தான் இருக்கும் என்று தனசேகரனும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். மூவரும் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். மனம் கேட்காமல் மீண்டும் பத்து முறை நடந்தான். பதினொன்று.

இருதயராஜ் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "வடை தின்னா ஒரு ஆளு கூடுற ஒடம்பு இது ஒண்ணுதான் லா."

"நானும்தான் வடை சாப்பிட்டேன்" என்றாள் ஷபானா. அவள் நடந்தாள். பத்து.

தனசேகரன் சட்டையை மாற்றினான். கண்ணாடியைக் கழற்றினான். நெற்றிக்கு மேலே முடி விலகிப் பளபளத்த இடத்தில் விளக்கு பட்டு எதிரொளிக்கிறதோ என்று இருதயராஜின் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டான். பத்து. தொப்பியைக் கழற்றினான். அப்போதும் பத்துதான். தண்ணீர் குடித்துவிட்டு வரலாமென்று கீழே போய்த் திரும்பி, மறுபடியும் பத்து முறை நடந்தான். பதினொன்று.

ஒரு கருவி எப்போதும் தவறாக இருந்தால் சரிசெய்துவிடலாம். எப்போதும் சரியாக இருந்தால் சரிசெய்ய வேண்டியதில்லை. இது இரண்டிலும் சேராமல், அவனிடம் மட்டும், அதுவும் விட்டு விட்டுத் தவறியது. வீட்டுக்குப் போகும்போது ரயில் கண்ணாடியில் தன் உருவத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். ஒருவன்தான் நின்றான்.

ஞாயிறு காலை, திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, ஷபானா கூடத்தின் நடுவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி அவள் சேர்த்து அடுக்கிய தேக்கா. சிராங்கூன் சாலையைச் சுற்றி மாட்டுக்கொட்டகைகள் இருந்த காலத்து மூக்கணாங்கயிறும் மணிகளும். பால்காரர்கள் அளந்து ஊற்றிய பித்தளைப் படிகள். மிளகாய் அரைத்த கடையின் பெயர்ப்பலகை, இன்னும் லேசாகக் காரம் வீசும். நுழைவாயில்கூடக் காட்சிப் பொருள்தான். செங்கல் சூளைத் தொழிலாளர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட ஒரு சிறு கோயிலின் வாசல் அது. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்தபோது சாமி வேறொரு பெரிய கோயிலோடு போய்ச் சேர்ந்தது. வாசலுக்கு அங்கே இடம் இல்லை. அது துண்டு துண்டாக அருங்காட்சியகத்தின் கிடங்கில் பல வருடம் கிடந்தது. ஷபானாதான் அதை எடுத்துக் கூடத்தின் நுழைவாயிலாகவே நிறுத்தினாள். மேலே கஜலட்சுமி உருவம் செதுக்கிய தேக்கு நிலை. கீழே நடுப்பகுதி தேய்ந்த கருங்கல் படி. சக்கர நாற்காலி தடையில்லாமல் போக வேண்டும் என்பதால் கல்லைத் தரைக்குள் இறக்கி, மட்டமாகப் பதித்திருந்தார்கள்.

"சேகர், இங்க வாங்களேன்" என்று அவள் கூப்பிட்டாள்.

அவன் வாசலுக்கு வெளியே தன் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். "வரேன், அந்தக் கேபிள எங்க வச்சேன்னு தெரியல, நேத்து இங்கதான்..." என்று பேசிக்கொண்டே உள்ளே வந்தான்.

ஷபானா அவனையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மறுபடியும் அவனைப் பார்த்தாள்.

"நேத்து உங்களோட அந்தப் பதினோராவது ஆளு இருக்காருல்ல, அவரோட உயரத்தப் பாத்தேன்" என்றாள். "மொத புள்ளி நல்லா ஆளு உயரத்துல வருது. வாசல்ல வந்ததும் எறங்குது. ஒரு மீட்டருக்குக் கீழ போகுது. அங்க அணையுது. அப்புறம் புதுப் புள்ளி கீழயிருந்து மேல ஏறுது."

"நானும் பாத்தேன். அதான் புரியல. தரைக்குள்ள போயிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"குனியுற மாதிரி இருக்கு."

"யாரு குனியுறா? நான் நேரா நடந்தேன்."

"குனிஞ்சீங்க."

"இல்லவே இல்ல ஷபானா. நான் ஏன் குனியணும்?"

"இப்ப வந்தப்பவும் குனிஞ்சீங்க."

தனசேகரன் இருதயராஜைப் பார்த்தான். இருதயராஜ் உதட்டைப் பிதுக்கினார். "வித்தியாசமா ஒண்ணும் செய்யல. எல்லாரும் வர்ற மாதிரிதான் வந்தாரு."

"சரி, திரும்பப் போயிட்டு வாங்க" என்றாள் ஷபானா.

அவன் வெளியே போய், முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, குனியாமல் வந்தான். "பாத்தீங்களா" என்றான். திரை ஒன்றுதான் கூட்டியது.

ஷபானா ஒன்றும் வாதாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் மேசையில் இருக்கும் சார்ஜரை எடுத்து வர முடியுமா என்று கேட்டாள். மேசை கீழ்த்தளத்தில் இருந்தது. அவன் போனதும் கைப்பேசியை எடுத்து, மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையில் சாய்த்து வைத்து, வாசலைப் படம் எடுக்க விட்டாள். அவன் படியேறி வரும் சத்தம் கேட்டதும், "எந்தக் கலர் சார்ஜர் எடுத்தீங்க?" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"வெள்ளைதான இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே அவன் வந்தான்.

பிறகு மூவரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

படத்தில் தனசேகரன் வருகிறான். இடது கையில் சார்ஜர். வாய் பேசிக்கொண்டிருக்கிறது. வாசலுக்கு வந்ததும், பேச்சு நிற்காமலேயே, இடுப்பை மடித்துக் கீழே போகிறான். வலது கை விரல்கள் தேய்ந்த கல்லைத் தொடுகின்றன, எழும்பி ஒரு கண்ணைத் தொடுகின்றன, மறு கண்ணைத் தொடுகின்றன. நிமிர்கிறான். கல்லை மிதிக்காமல் எட்டி ஓர் அடி வைக்கிறான். 'இருந்துச்சு' என்ற சொல்லின் பிற்பாதி வரும்போது உள்ளே நிற்கிறான்.

தனசேகரன் அதை மறுபடியும் ஓடவிட்டான். இன்னொரு முறையும். அது அவன் சட்டைதான், அவன் முதுகுதான். ஆனால் அந்தக் கை யாருடையது என்று கேட்டால் அவனால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

"எனக்குத் தெரியவே தெரியாது" என்றான்.

"அதான் பிரச்சன" என்றாள் ஷபானா.

"அங்கிள், நீங்க தினம் இங்கதான நிக்குறீங்க. பாக்கலயா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் இருதயராஜ். "கோயில் வாசல்னா தொட்டுக் கும்புட்டுத்தான் போவாங்க. அத ஒரு விஷயமா சொல்லணும்னு எனக்குத் தோணுமா? நீ கேட்டது, யாராச்சும் வித்தியாசமா செய்யுறாங்களான்னுதான்."

"நீங்க செய்யலயே."

"சர்ச்சுல நாங்க வாசல்ல தண்ணியத் தொட்டு நெத்தில வைப்போம். அது நின்னுக்கிட்டே செய்யுறது லா. உன் மெஷினுக்கு எங்களால தொந்தரவு இல்ல."

ஷபானா சிரித்தாள். "அப்ப ஏன் பத்து தடவையும் பண்ணல? பத்து தடவ நடந்தா இருபதுல்ல வரணும்?"

தனசேகரன் யோசித்தான். கருவியைப் பற்றிக் கேட்டால் கடகடவென்று பதில் வரும். கையைப் பற்றிக் கேட்டதால் நேரம் பிடித்தது. "ஒரு தடவ தொட்டுட்டு உள்ள போயாச்சுன்னா அவ்வளவுதான். அங்கயே சுத்திச் சுத்தி வந்தா திரும்பத் தொட மாட்டோம். வெளிய எங்கயாவது போயிட்டு வந்தா தொடுவோம். இப்படின்னு யாரும் சொல்லிக் குடுக்கல."

"வடை தின்னப் போயிட்டு வந்தா தொடுவீங்க."

"ஆமா."

"தொப்பி மாத்துனா தொட மாட்டீங்க."

"ஆமா" என்றான் அவன். வாரம் முழுக்கக் கட்டிப்போட்டிருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக நழுவின. வார நாட்களில் வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பயணிகளும். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் தஞ்சாவூரும் அரியலூரும் புதுக்கோட்டையும். வெளியேறும் வாசல் வெறும் கண்ணாடிக் கதவு, அங்கே தொட ஒன்றும் இல்லை. அதனால்தான் அங்கே கணக்கு பிசகவில்லை.

இரண்டாக எண்ணியது எப்படி என்பதும் இப்போது விளங்கிற்று. கோயில் வாசலுக்கு நடுவில்தான் நுழைவது நடக்கிறது என்று நினைத்து, தனசேகரன் தன் கோட்டைக் கல்லின் மேலேயே இழுத்திருந்தான். ஒருவர் கல்லைத் தொடக் குனியும்போது கால் வெளியேதான் நிற்கிறது, ஆனால் தலை முன்னால் சாய்ந்து கோட்டைத் தாண்டிவிடுகிறது. கருவிக்குத் தலைதான் ஆள். ஒருவர் வந்தார் என்று எண்ணிவிடுகிறது. தலை இன்னும் கீழே போய் ஒரு மீட்டருக்கும் கீழ் இறங்கியதும் ஆளையே மறந்துவிடுகிறது. அவர் நிமிரும்போது தலை கோட்டுக்கு வெளியே திரும்பி வருகிறது. கருவி அதைப் புதிய ஆளாகப் பார்க்கிறது. அவர் அடியெடுத்து வைத்ததும் இன்னொருவர் வந்தார் என்று மறுபடியும் எண்ணுகிறது.

"சரி, எப்படித் தடுக்கிறது?" என்றாள் ஷபானா. திறக்க அரை மணி நேரம்தான் இருந்தது. "ஆபீஸ்ல கேட்டா கயிறு கட்டுன்னு சொல்லுவாங்க. இல்லன்னா கல்லு மேல கண்ணாடி போடுன்னு. தொடாதீங்கன்னு ஒரு போர்டு வைக்கட்டுமா?"

"நான் தொடுறேன்னு எனக்கே தெரியாது. போர்டப் படிச்சுட்டு, சரின்னு தலையாட்டிட்டு, தொட்டுட்டுத்தான் வருவேன்."

"கல்லுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் அவள், பொருள்களைப் பாதுகாப்பவளின் குரலில். "செருப்புத்தான் தேய்க்கும். இவங்க செருப்பால மிதிக்கக்கூட மாட்டேங்குறாங்க."

"அப்ப அவங்க ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றான் தனசேகரன். மடிக்கணினியை மடியில் இழுத்துக்கொண்டான். உயர வரம்பைக் குறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தான். குறைத்தால் வாளியும் பெட்டியும் ஆளாகிவிடும். கருவியைக் கழற்றி உள்ளே தள்ளி மாட்டலாமா? கூரையில் துளையிட அனுமதி வாங்கவே ஒரு மாதம் ஆகும். அதற்குத் தேவையும் இல்லை. கருவியின் பார்வை வாசலோடு முடிவதில்லை, கூடத்துக்குள்ளும் நாலு எட்டுத் தூரம் விழுகிறது. அவன் திரையில் கோட்டின் மேல் விரலை வைத்தான். மெதுவாக உள்பக்கம் இழுத்தான்.

"இப்ப போயிட்டு வரேன். டீக்கடை வரைக்கும் போயிட்டுத்தான் வரணும். இல்லன்னா கை செய்யாது."

"எனக்கும் ஒரு டீ" என்றார் இருதயராஜ்.

அவன் மூன்று டீயோடு வந்தான். வாசலில் நின்றான். இப்போது தெரிந்துவிட்டதால் கை தயங்கியது. எல்லாரும் தன்னையே பார்ப்பது கூச்சமாக இருந்தது. டீப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தான். முதன்முறையாக, தெரிந்தே.

திரை ஒன்று என்றது.

பத்து மணிக்குத் திறந்தார்கள். மதியம் கூட்டம் வந்தது. மூன்று மணி வாக்கில் மருதப்பனும் அவர் நண்பர்களும் படியேறி வந்தார்கள். அவர் முதலில் பார்த்தது விளக்கைத்தான். பச்சை.

"இன்னைக்கி ரெட்டு இல்லயா சார்?"

"இன்னைக்கி கிரீனு லா. போங்க போங்க, நிக்காதீங்க."

மருதப்பன் செருப்பைக் கழற்றப் போனார். "அதெல்லாம் வேண்டாம், மியூசியம்தான்" என்றார் இருதயராஜ். அவர் சரியென்று தலையாட்டினார். நண்பரிடம் ஏதோ பயணப்பெட்டி எடையைப் பற்றிப் பேசிக்கொண்டே குனிந்தார், தொட்டார், ஒற்றிக்கொண்டார், எட்டி வைத்து உள்ளே போனார். தனசேகரன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லின் மேல் ஒரு புள்ளி அணைந்தது. இன்னொன்று எழுந்தது. இரண்டு எட்டு தள்ளிக் கோட்டைத் தாண்டியது. எண் ஒன்று கூடிற்று. பின்னால் வந்த மூவருக்கும் அப்படியே.

உள்ளே மருதப்பன் மாட்டு மணிகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்று, "எங்க வீட்ல இன்னும் இதான்டா கட்டுறாங்க, இத கண்ணாடிக்குள்ள வச்சிருக்கான்" என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலை கடைசி ஆளும் கண்ணாடிக் கதவு வழியாகப் போனார். ஷபானா திரைக்கு முன்னால் வந்து நின்றாள். பூஜ்யம். அவள் அதைப் படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பினாள். கீழே என்ன எழுதுவது என்று தனசேகரனைக் கேட்டாள். கருவியின் இரண்டு கண்களிலிருந்து தொடங்கலாமா என்று அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னான். அவள் அப்படியே எழுதினாள்:

எண்ணும் கோடு கல்படியின் மேல் இருந்தது. அதை இரண்டு எட்டு உள்ளே தள்ளிவிட்டோம். வருகிறவர்கள் படியைத் தொட்டு நிமிர்ந்த பிறகு எண்ணுகிறோம்.